எஜிதியோவின் ஏழாவது பல்செட்

என் தொழில் பல்செட் செய்வது. ஜெனோவாத் துறைமுகத்தை ஒட்டிய சாம்பியெர்தாரெனாவில், பல் டாக்டர் மோர்க்கியோவின் கிளினிக்குக்குப் பின்னறையில், மெழுகும் பிளாஸ்டருமாக நாற்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தேன். பாட்டு எனக்குச் சுத்தமாக வராது. மாதா கோயிலில் எல்லோரும் பாடும்போது நான் வாயை மட்டும் அசைப்பேன். அப்படிப்பட்ட என்னுடைய பெயர், இனெஸ் தாபெலோ என்ற பெயர், இருநூறு இசை மேடைகளிலாவது ஒலித்திருக்கிறது. அதற்குக் காரணம் எஜிதியோ கானெபா என்ற டிரம்பெட்காரர்.

1964ஆம் வருடம் மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். வாயை மறைத்து ஒரு கைக்குட்டை. பக்கத்தில் அவர் மனைவி மஃபால்தா. மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும், கீழ்வரிசையில் இரண்டும் போயிருந்தன. உதட்டில் தையல் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பேச முடியாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துத் துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்.

"ஊத முடியுமா?"

அவர் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. "நல்லா சாப்பிடலாம், கவலைப்படாதீங்க" என்றேன்.

காகிதத்தை வாங்கி, அதே கேள்விக்குக் கீழே இரண்டு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மஃபால்தாதான் சொன்னாள். "இவருக்குச் சாப்பாடு பத்தி அக்கறை இல்லீங்க. கஞ்சி குடிச்சே காலம் தள்ளிடுவாரு. இவரு டிரம்பெட் ஊதுறவரு."

எஜிதியோவின் அப்பா கப்பல் பட்டறையில் ஆணி அறைகிற வேலைக்காரர். எங்கள் பகுதித் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு பேண்டு வாத்தியக் குழு உண்டு. அதில்தான் எஜிதியோ பத்து வயதில் டிரம்பெட் பிடித்தார். ஊர்வல இசை, ஓபெராப் பாட்டு, சவ ஊர்வலத்துக்கு ஒரு மெட்டு, இவ்வளவுதான் அங்கே. போர் முடிந்த வருடம் அமெரிக்கக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்து இறங்கிய கறுப்பினச் சிப்பாய்கள் நான்கு பேர், குண்டு விழுந்து பாதி இடிந்துபோன ஒரு சந்தைக் கட்டடத்தின் படிகளில் உட்கார்ந்து வாசித்தார்கள். எஜிதியோவுக்கு அப்போது பதினாறு வயது. "அதுவரைக்கும் எங்க பேண்டுல எல்லாரும் ஒரே காலைத் தூக்கி ஒரே காலை வெப்போம். அந்த ஆளுங்க அவனவன் வீட்டுக்கு அவனவன் வழில போற மாதிரி வாசிச்சாங்க. ஆனா கடைசில எல்லாரும் ஒரே வாசல்ல வந்து நின்னாங்க" என்று பின்னால் ஒருமுறை எனக்கு விளக்கினார். ஜாஸ் என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு அவர் தந்த பதில் அது. இன்றுவரை எனக்குத் தெரிந்த ஜாஸ் அவ்வளவுதான்.

பகலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஞாயிறு மதியங்களில் நடனக் கூடங்களில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவோடு வாசித்தார். பியானோவுக்கு லாஸரோ என்று ஒரு அஞ்சல் அலுவலகக்காரர். அவர்கள் வாசித்த இசைத்தட்டு ஒன்றை மிலானோ கம்பெனி வெளியிட்டது. வருகிற கோடைக்குள் துறைமுக வேலையை விட்டுவிட்டு மிலானோவுக்கே குடிபோவதென்று முடிவு. மஃபால்தா பெட்டிகூட வாங்கி வைத்திருந்தாள்.

அந்தப் பிப்ரவரியில், மரக்கட்டைகளைக் கப்பலிலிருந்து இறக்கும்போது பளு தூக்கியின் இரும்புக் கயிறு அறுந்தது. கீழே நின்றிருந்த பஸ்தியானோ ரெபோரா அங்கேயே செத்துப்போனான். வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. கயிறு சுண்டிய வேகத்தில் அதன் நுனியில் இருந்த கொக்கி எஜிதியோவின் வாயில் அடித்தது. கயிறு நைந்துவிட்டது என்று வேலைக்காரர்கள் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். விசாரணையில் அன்று காற்று பலமாக அடித்தது என்று எழுதினார்கள்.

டாக்டர் மோர்க்கியோ அவர் வாயை முழுவதும் பார்த்துவிட்டு என்னிடம் தனியாக வந்தார்.

"இனெஸ், அந்த மனுஷனுக்கு ஆசை காட்டாத. சாப்பிட, சிரிக்க, போட்டோ எடுக்க ஒரு செட் செஞ்சு குடு. டிரம்பெட் ஊதுற அழுத்தத்துக்கு எந்தச் செட்டும் நிக்காது."

"செஞ்சு பாத்திருக்கீங்களா, டாக்டர்?"

"பாக்கல. யாருமே பாக்கல. அதான் சொல்றேன்."

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பின்னறையில் ஒரு பெண் வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் நோயாளிகள் முகம் சுளிப்பார்கள் என்பதால் டாக்டர் என்னை வெளியே காட்டுவதே இல்லை. என்னிடம் முடியாது என்று சொன்னால் எனக்கு ஒரு வீம்பு வரும். அதுதான் காரணம், கலைக்குத் தொண்டு செய்வதாக எல்லாம் எனக்கு நினைப்பில்லை.

முதல் செட் அவர் மூச்சை இழுத்து ஊதியதும் தெறித்து என் மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டாவது நின்றது, ஆனால் அண்ணத்தை மூடிய தகடு நாக்குக்கு இடமே விடவில்லை. மூன்றாவது வலது பக்கம் ஆடியது. நான்காவது இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு தடவையும் எஜிதியோ டிரம்பெட்டைப் பெட்டிக்குள் வைத்து, "பரவாயில்ல, சிஞோரினா. அடுத்த வாரம் வர்றேன்" என்பார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஐந்தாவதற்கு முன்னால், டிரம்பெட்டின் ஊதுவாயை அவரிடமே கேட்டு வாங்கி என் உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தேன். எருமை கத்துவது போல் ஒரு சத்தம் வந்தது. மஃபால்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அழுத்தம் பல்லின் மேல் நேராக விழவில்லை. கீழிருந்து மேலாக, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து விழுகிறது. அப்படியானால் முன்பல்லை முன்னாலேயே பிடித்து நிறுத்தப் பார்ப்பது வீண். கடைவாய்ப் பல் வரைக்கும் உலோகச் சட்டம் நீட்டி, பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். அண்ணத்தைத் திறந்தே விட்டுவிடலாம்.

ஐந்தாவது செட்டை அப்படித்தான் செய்தேன்; சட்டம் வளைந்துவிட்டது. ஆறாவதில் சட்டத்தைத் தடிப்பாக்கினேன். அசையாமல் நின்றது. ஆனால் சுரம் வரவில்லை; வெறும் காற்று வந்தது.

"உங்க பழைய பல் எப்படி இருந்துச்சு? வரிசையாவா?" என்று கேட்டேன்.

"எங்க வரிசையா? ரெண்டு முன்பல்லுக்கும் நடுவுல சந்து. ஒண்ணு கொஞ்சம் முன்னால நீட்டிக்கிட்டு நிக்கும். நானே பலதடவ கேலி பண்ணியிருக்கேன்" என்றாள் மஃபால்தா.

நான் அவருக்கு அழகான, வரிசையான பல் செய்து கொடுத்திருந்தேன். பிழை அங்கேதான். பழைய சந்து எவ்வளவு அகலம் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணப் போட்டோவில் அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். மஃபால்தா வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். அதற்குள் இருபது முப்பது பென்சில்கள். இசைக்குறிப்பு எழுதும்போது அவருக்குப் பென்சிலைக் கடிக்கும் பழக்கம். ஒவ்வொன்றிலும் பற்களின் தடம் பதிந்திருந்தது. ஒரு வாரம் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அந்தப் பென்சில்களை அளந்தேன்.

இந்த ஐந்து மாதத்துக்குள் இன்னொன்று நடந்துவிட்டிருந்தது. ஏப்ரலில், பஸ்தியானோவுக்காகத் துறைமுகத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். எஜிதியோவிடம் வந்து வாசிக்கச் சொன்னார்கள். ஊத முடியாதே என்று அவர் தலையசைத்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, மேடையேறி நின்று, பல் இல்லாத வாயால் பாடினார். நான் அங்கே இருந்தேன். டிரம்பெட்டின் பின்னால் ஒளிந்தே வாழ்ந்த மனிதர், முப்பத்தைந்து வயதில், எல்லோருக்கும் முன்னால் முதல் தடவையாக வாயைத் திறந்தார். எங்கள் ஜெனோவாப் பேச்சில் அவரே கட்டிய பாட்டு. பல் இடுக்கில் காற்று விசிலடித்தது.

கயிறு நைந்தது என்று சொன்னோம்,
கப்பல் புதிது என்றார்கள்.
கயிறு அறுந்து விழுந்த பின்னே
காற்றைக் குற்றம் சொன்னார்கள்.
கேட்டுப் பார்ப்போம் காற்றையே:
பஸ்தியானோ எங்கே? பஸ்தியானோ எங்கே?

கூடத்தில் யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் கறுப்பு உடையில் இருந்த பஸ்தியானோவின் அம்மா எழுந்தாள். "எஜிதியோ, இன்னொரு தடவ பாடுப்பா. அவன் பேரு வர்ற இடத்த மட்டும் கொஞ்சம் நிதானமா பாடு" என்றாள். அவர் மறுபடி பாடினார். இரண்டாவது தடவை எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நானும் வாயசைத்தேன்.

மே மாதம் பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முடிவில் அந்தத் துறைமுகத்தில் இருந்த எல்லா இரும்புக் கயிறுகளையும் சோதித்து முக்கால்வாசியை மாற்றினார்கள். பாட்டு கயிற்றை மாற்றியது என்று சொல்ல மாட்டேன். வேலையை நிறுத்திய ஆட்கள்தான் மாற்றினார்கள். ஆனால் பன்னிரண்டு நாளும் காலையில் துறைமுக வாசலில் அந்தப் பாட்டுத்தான் நின்றது.

ஏழாவது செட் ஜூலையில் தயாரானது. சந்தும் கோணலுமாக, பார்க்கவே அசிங்கமான ஒரு பல்வரிசை. மதியம் மூன்று மணி இருக்கும். எஜிதியோ போட்டுக்கொண்டார். நாக்கை உள்ளே ஓட்டிப் பார்த்தார். டிரம்பெட்டை எடுத்தார். ஒரே ஒரு சுரம், நீளமாக. பக்கத்து அறையில் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி துள்ளி எழுந்துவிட்டார். டாக்டர் கையில் குறடோடு எங்கள் அறைக்கு ஓடிவந்தார்.

"இது என்ன கிளினிக்கா, ராணுவ முகாமா?" என்று கத்த வாயெடுத்தவர், எஜிதியோவின் முகத்தைப் பார்த்ததும் குறடைக் கீழே வைத்துவிட்டார்.

எஜிதியோ இன்னொரு தடவை ஊதினார். அப்புறம் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன? சரியில்லயா?" என்றேன்.

"இது என் சத்தம் இல்ல."

நான் மெழுகை எடுத்தேன். "எட்டாவது செய்யலாம்."

"வேண்டாம், வேண்டாம். இரு." அன்றுதான் என்னை முதல் தடவையாக ஒருமையில் கூப்பிட்டார். "முன்னாடி என் சத்தம் கத்தி மாதிரி இருக்கும். இதுல கொஞ்சம் காத்து கலந்து வருது. யாரோ பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. இது யாரோட சத்தம்னு பாக்கலாம், இனெஸ்."

அந்தச் சத்தத்தோடுதான் அவர் அடுத்த இருபத்தெட்டு வருடமும் ஊதினார். ஜாஸ் தெரிந்தவர்கள் அவர் ஊதுவதை இரண்டு சுரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று லாஸரோ சொல்வார்.

செப்டம்பரில் மிலானோ கம்பெனியிலிருந்து புருசாத்தி என்பவர் வந்தார். எங்கள் கிளினிக்குக்குக் கீழே இருந்த காபிக் கடையில்தான் பேச்சு. எஜிதியோ வழக்கம்போல் உப்பு ரொட்டியைப் பால்காபியில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். புருசாத்தி அதைக் கொஞ்சம் அருவருப்போடு பார்த்தார். மிலானோக்காரர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் புரியாது.

"அந்தக் கயிறு பாட்டு அருமை, மாஸ்ட்ரோ. நாடு பூராவும் பாடுவாங்க. முப்பது வயலின் வெச்சுப் பதிவு பண்ணலாம். ரெண்டே ரெண்டு இடம் மாத்தணும்."

"எந்த ரெண்டு?"

"கப்பல்னு வருதே, அத காதலின்னு மாத்திக்கலாம். கயிறுன்னா மனசக் கட்டுற கயிறு. அர்த்தம் எங்கயும் கெடாது."

"கப்பல் காதலி ஆயிட்டா மூட்டைய யாருய்யா இறக்குறது?" என்றார் எஜிதியோ. பக்கத்து மேஜையில் இருந்த துறைமுக ஆட்கள் சிரித்தார்கள்.

புருசாத்தியும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. "சரி, அது போகட்டும். கப்பல் இருக்கட்டும். ஆனா அந்தப் பேரு. பஸ்தியானோ. அவன் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதே?"

"அதனாலதான் பாட்டுல இருக்கான்."

புருசாத்தி அரைமணி நேரம் பேசினார். எஜிதியோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அவருக்கும் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை. மிலானோ முடிந்தது. மஃபால்தா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் என்னிடம் வந்து, "மிலானோவுல கடல் இல்ல, உருப்படியா ஒரு ரொட்டி இல்ல. அங்க போய் என்னத்தப் பண்ணியிருப்போம்?" என்றாள். வாங்கி வைத்த பெட்டியில் குளிர்காலக் கம்பளிகளைப் போட்டு மூடினாள்.

அதன் பிறகு எஜிதியோ துறைமுகத்தில் கருவிகள் வைக்கும் கிடங்கில் வேலை பார்த்தார். சனி, ஞாயிறுகளில் குழுவோடு ஊர் ஊராகப் போனார். பாட்டும் ஜாஸும் கலந்த ஒன்றை அவராகவே கண்டுபிடித்துக்கொண்டார். கேள்வியைப் பாடுவார், பதிலை டிரம்பெட்டில் ஊதுவார். சில நேரம் டிரம்பெட்டுக்கும் பதில் தெரியாது. அப்போது லாஸரோவின் பியானோ தேடும். நெல் வயலில் களை எடுக்கும் பெண்களைப் பற்றி, மூடப்பட்ட சர்க்கரை ஆலையைப் பற்றி, தெற்கிலிருந்து மூட்டை முடிச்சோடு ரயிலில் வந்திறங்கும் குடும்பங்களைப் பற்றியெல்லாம் பாட்டுக் கட்டினார். பெல்ஜியத்துச் சுரங்கங்களில் வேலை பார்க்கும் எங்கள் நாட்டு ஆட்கள் கூப்பிட்டு அங்கேயும் இரண்டு தடவை போய்வந்தார்.

இரண்டு பக்கமும் அவருக்கு அடி விழுந்தது. ஜாஸ் ரசிகர்கள், நல்ல டிரம்பெட்காரனை அரசியல் கெடுத்துவிட்டது என்றார்கள். லாஸரோகூட ஒரு வருடம் கோபித்துக்கொண்டு போய்விட்டார். "நான் பியானோ வாசிக்க வந்தவன்யா, ஊர்வலம் போக இல்ல" என்றார். திரும்பி வந்தபோது, "ஊர்வலத்துல உன் குழு தாளம் தப்புது, கேக்கச் சகிக்கல" என்று காரணம் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொரு பக்கம், அறுபத்தொன்பதில் ஒரு கூட்டத்தில் தாடி வைத்த மாணவன் ஒருவன் ஒலிபெருக்கியில், "தோழரே, அமெரிக்கக்காரன் சத்தம் நமக்கு எதுக்கு?" என்று கேட்டான்.

"எந்த அமெரிக்கக்காரன்? எனக்குக் கத்துக்குடுத்தவங்க அங்க பருத்தி மூட்டை தூக்குனவங்க வீட்டுப் பிள்ளைங்க. நான் இங்க மூட்டை தூக்குனவன். நீ எதைத் தூக்குற, ராசா? அந்த ஒலிபெருக்கிய மட்டுமா?"

மாணவனே முதலில் சிரித்துவிட்டான். பின்னால் அவன்தான் எஜிதியோவின் மூன்று இசைத்தட்டுகளை ஒரு கூட்டுறவு நிறுவனம் வழியாகக் கொண்டுவந்தான்.

நானும் அவர்களோடு போக ஆரம்பித்தது எழுபத்தொன்றிலிருந்து. அந்த வருடம் தோரினோவில் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் கச்சேரி. சும்மா பார்க்கலாம் என்று போயிருந்தேன். ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மஃபால்தா ஓடிவந்து கையைப் பிடித்தாள். யாரோ அன்பாக நீட்டிய வறுத்த பாதாம் மிட்டாயைக் கடித்ததில் செட்டின் சட்டம் விட்டுப்போயிருந்தது. என்னிடம் ஒரு கருவி கிடையாது. பழுதுபார்க்கும் பிரிவு ஆட்கள் என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். கார் உதிரிபாகங்களைப் பற்றவைக்கும் மேஜையில் அந்தச் சின்னஞ்சிறு பல்வரிசையை வைத்தேன். கறுத்த கைகளோடு ஏழெட்டு ஆண்கள் சுற்றி நின்று மூச்சு விடாமல் பார்த்தார்கள். ஒருவர் சுடர் பிடித்தார். ஒருவர் தன் குடும்பக் கைக்கடிகாரம் சரிசெய்ய வைத்திருந்த நுண்ணிய அரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சிஞோரா, நாங்க இங்க வண்டிக்கு எஞ்சின் செய்யுறோம். ஆனா இத மாதிரி ஒண்ண எங்களால செய்ய முடியாது" என்றார் அந்த அரத்துக்காரர். பின்னறையிலேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்த எனக்கு, தொழில் தெரிந்த ஆண்கள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

நாற்பது நிமிடம் தாமதமாகக் கச்சேரி தொடங்கியது. எஜிதியோ குழுவை அறிமுகப்படுத்தினார். பியானோ இன்னார், டிரம்ஸ் இன்னார் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "பல்: இனெஸ் தாபெலோ" என்றார். கூடம் சிரித்தது. அப்புறம் பழுதுபார்க்கும் பிரிவு ஆட்கள் எழுந்து நின்று தட்ட, எல்லோரும் தட்டினார்கள். நான் மஃபால்தாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு மேடையிலும் அவர் அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

"எதுக்கு இப்படி மானத்த வாங்குறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என் வாய்ல பாதி அடுத்தவங்க கைவேலை. நன்றி சொல்லலன்னா அதுவே என் நாக்கக் கடிச்சிடும்" என்றார்.

எண்பத்து மூன்றாம் வருடம் கோடையில் கர்ராரா பக்கம் ஒரு மலைக் கிராமத்துக்குப் போனோம். சலவைக்கல் வெட்டும் ஊர். கச்சேரிக்கு முன்னால் மதிய விருந்தில், அந்த ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் எங்களுக்காகத் தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். இரண்டாவது வரியிலேயே மஃபால்தா என் முழங்காலைக் கிள்ளினாள். கயிறு நைந்தது என்று சொன்னோம், கல் பெரிது என்றார்கள். மெட்டு அப்படியே இருந்தது. கப்பல் மலையாகியிருந்தது. நாங்கள் கேட்டேயிராத இரண்டு அடிகள் புதிதாகச் சேர்ந்திருந்தன. முடிவு மட்டும் மாறவில்லை: பஸ்தியானோ எங்கே?

பாடி முடித்த ஒரு வயதான அம்மாள் பெருமையாகச் சொன்னாள். "இது எங்க கொள்ளுத்தாத்தா காலத்துப் பாட்டு. பஸ்தியானோன்னு எங்க ஊருல கல் வெட்டுறவரு. கயிறு அறுந்து செத்தாரு. உங்க கடற்கரைப் பக்கமும் இத யாரோ பாடுறாங்களாம், இங்கேருந்து எடுத்துக்கிட்டுப் போயி."

மஃபால்தா எழுந்தே விட்டாள். எஜிதியோ அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"அம்மா, நடுவுல வர்ற அந்த ரெண்டு அடிய இன்னொரு தடவ சொல்றீங்களா? எழுதிக்கிறேன்" என்று பென்சிலை எடுத்தார்.

அன்று சாயங்கால மேடையில் அவர்களையும் ஏற்றி, அவர்களுடைய அடிகளோடு சேர்த்துப் பாடினார். யார் கட்டியது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் திரும்பும் ரயிலில் மஃபால்தா அவரை விடவில்லை. "வாயத் தொறந்து சொன்னா என்ன? வயித்தக் கட்டி வாயக் கட்டிப் பாட்டெழுதுறது நீ, பேரு அவங்க கொள்ளுத்தாத்தாவுக்கா?"

எஜிதியோ ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் துக்கத்தில் இல்லை.

"மஃபால்தா, இருபத்தாறு வயசுல போனவன் அவன். கல்யாணம் இல்ல, புள்ள குட்டி இல்ல. அவங்க அம்மாவும் போயிட்டா. நாமளும் போயிட்டா அவன் பேரச் சொல்ல யாரு இருக்காங்கன்னு ராத்திரியெல்லாம் நெனச்சிருக்கேன். இப்ப பாரு, ஒரு ஊருக்கே கொள்ளுத்தாத்தா ஆயிட்டான். இதுக்கு மேல நான் என்ன கேக்கட்டும்?"

மஃபால்தா பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, பாதியை அவரிடம் கொடுத்தாள். கால்வாசியை எனக்குக் கொடுத்தாள்.

தொண்ணூற்று இரண்டில் ஈறு சுருங்கிப்போனதால் டிரம்பெட்டை நிறுத்தினார். எத்தனை செட் மாற்றினாலும் இனி பிடிக்காது என்று நான்தான் சொன்னேன். சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர் என்னைத் தேற்றினார். "இருபத்தெட்டு வருஷம் உன் கணக்குல ஊதியிருக்கேன். டாக்டர் சொன்னபடி பாத்தா ஒரு நாள்கூட ஊதியிருக்கக் கூடாது." அப்புறம் பத்து வருடம் பாட மட்டும் செய்தார், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

அவரால் எனக்குக் கிடைத்தது கொஞ்சமில்லை. அவர் கதை பரவியதும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். கிளாரினெட் வாசிப்பவர்கள், வெனிஸ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடி ஊதுகிறவர், ஓபெராப் பாடகி ஒருத்தி, ஆடுகளை விசிலடித்து மேய்க்கும் ஒரு சார்தீனியாக்காரர். எல்லோரும் டாக்டரைத் தாண்டி நேராகப் பின்னறைக்கு வந்தார்கள். டாக்டர் மோர்க்கியோ கடைசியில் வாசலில் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிவைத்தார். முன்பெல்லாம் அளவு மட்டும்தான் எடுப்பேன். அவர் வந்த பிறகு, வாயால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் மெழுகைத் தொடுவேன்.

எஜிதியோ 2004 ஏப்ரலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காபி குடித்து முடித்தபின் நாற்காலியிலேயே போய்விட்டார். எழுபத்தைந்து வயது. மஃபால்தா ஆள் அனுப்பாமல் தானே நடந்து என்னிடம் வந்தாள்.

"இனெஸ், அடக்கம் பண்ண வந்தவங்க அவரு பல்ல வெக்கவா வேண்டாமான்னு கேக்குறாங்க. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல."

"நான் வர்றேன்" என்றேன்.

அவர் வாயை எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இடது பக்கம் முதலில் ஏற்றி, அப்புறம் வலது பக்கம் மெல்ல அழுத்த வேண்டும். என் கையாலேயே வைத்தேன். உதடு பழைய வடிவத்துக்கு வந்தது. அவரிடம் சொல்ல வேண்டியதை அங்கேயே அவர் காதோடு சொன்னேன். இத்தனை வருடம் அவர்தான் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வரவே இல்லை.

மறுநாள் அடக்கத்துக்குத் துறைமுக ஆட்கள் வேலையை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தார்கள். சங்கத்தின் பேண்டுக் குழு வாசித்தது. எண்பது வயது லாஸரோ, பியானோவை மலைக்கு ஏற்ற முடியாததால், தாளத்தைக் கைத்தடியில் தட்டிக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டம் மேட்டில் இருந்ததால் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. கீழே இறங்கியபோது மதியம் ஒரு மணி. மஃபால்தாவுக்கு முந்தைய நாளிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கடலைமாவு அடையை ஒரு கடையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"சூடா இருக்கு, பாத்துத் தின்னு" என்றேன்.

"உப்பு கம்மி" என்றாள் மஃபால்தா. பிறகு இன்னொரு துண்டு கேட்டாள்.